பெயர் யாருடைய உடைமை?

மனிதருக்கு வாய்க்கும் முதற் சொத்து பெயர். காணி நிலமில்லாத ஏழைக்கும் பெயருண்டு. குடியிருக்கக் குடிசையில்லாதவருக்கும் பெயருண்டு. பள்ளிக்கூட வாயிலில் முதன்முதலாகக் கேட்கப்படுவது பெயரே. சாட்சிக் கூண்டில் ஏறியவுடன் கேட்கப்படுவதும் பெயரே. இறந்தபின் கிராமக் கணக்கில் எழுதப்படுவதும் பெயரே. அப்பெயர் தம்முடையதென்று காட்ட வழியின்றி ஒருவர் கச்சேரி கச்சேரியாக ஏறி இறங்குவாராயின், அவரைச் சுதந்தர நாட்டின் பிரஜை என்றழைப்பதில் பொருளென்ன? நம் நாட்டுத் திருநங்கையரும், திருநம்பியரும், ஆண் பெண் என்னும் இரண்டினுள் எதிலும் தம்மை அடக்கிக்கொள்ளாத ஏனையோரும் இந்நிலையைக் கண்டவர்கள். அவர்கள் தங்களுக்கென மேற்கொண்ட பெயரை அரசாங்க ஏடுகளில் ஏற்றிக்கொள்ளும் உரிமையைக் குறித்து இன்று சில வார்த்தைகள் எழுத விரும்புகின்றோம்.

இராமநாதபுரம் ஜில்லாவில், கடலாடித் தாலுகாவில், சிக்கல் என்றோர் ஊர் இருக்கிறது. முருகன் கோயிலால் பெயர் பெற்ற நாகைச் சிக்கலன்று. வானம் பார்த்த பூமியும், சீமைக் கருவேலங் காடும், கடற்கரைப் பக்கம் வாலிநோக்கத்து உப்பளங்களும் சூழ்ந்த நம் சேதுச் சீமைச் சிக்கலையே சொல்லுகின்றோம். அவ்வூரில் பிறந்த ஒருவரை மனத்தில் வைத்துக்கொள்வோம். பிள்ளை ஆணென்று கண்டு பெற்றோர் பாட்டனார் பெயரை இட்டனர். பிறப்புப் பதிவில் அப்பெயர் ஏறிற்று. பள்ளிக்கூட ரிஜிஸ்தரில் ஏறிற்று. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அச்சாயிற்று. பிள்ளையோ வளர வளரத் தாம் பெண்ணென்பதை உணர்ந்தார். வீட்டாரின் கோபத்தையும் ஊராரின் ஏளனத்தையும் தாங்கி, வயது வந்தபின் தமக்குரிய பெயரைத் தாமே சூடிக்கொண்டார். அவருடைய தோழியர் அப்பெயரால் அழைக்கின்றனர். உப்பளத்தில் கூலி கொடுப்போர் அப்பெயரால் அழைக்கின்றனர். அரசாங்கத்தின் காகிதங்கள் மட்டும் பழம்பெயரை விடமாட்டேனென்று பிடித்துக்கொண்டிருக்கின்றன.

இனி அவர் செய்ய வேண்டியது யாது? அடையாள அத்தாட்சிக்கு இராமநாதபுரம் கலெக்டருக்கு மனுச் செய்ய வேண்டும். பள்ளிச் சான்றிதழைத் திருத்தச் சென்னையிலுள்ள அரசுத் தேர்வுகள் இயக்ககத்திற்கு எழுத வேண்டும். அரசிதழில் பெயர் மாற்றத்தை வெளியிடவேண்டுமெனின், அதுவும் சென்னையில் எழுதுபொருள் அச்சுத்துறையின் வேலை. ஆதாருக்கு ஓரிடம், வாக்காளர் அட்டைக்கு ஓரிடம், ரேஷன் கார்டுக்கு ஓரிடம், பாங்கிக் கணக்குக்கு மற்றோரிடம். ஒவ்வோரிடத்திலும் மற்ற இடத்தின் காகிதம் முதலிற் கேட்கப்படுவதுண்டு. இரண்டு காகிதங்களில் பெயர் ஒத்திராவிட்டால் மூன்றாவது கிடையாதென்பர். ஒவ்வொரு பயணத்திற்கும் ஒரு நாட் கூலி போகிறது. பஸ் செலவு போகிறது. எல்லாவற்றிற்கும் மேலாக, கூட்டம் நிறைந்த அறையில் பழம்பெயரைச் சொல்லிக் கூப்பிடும்பொழுது எழுந்து நிற்கும் மானம் போகிறது. ஊரின் பெயர்தான் சிக்கல். இந்தச் சிக்கலோ அவ்வூரார் இட்டதன்று, கச்சேரிகளில் விழுந்த முடிச்சு. அதை அவிழ்க்கும் வேலையை அரசாங்கம் தன் பொறுப்பாகக் கொள்ளாமல் அவ்வேழையின் தலையிலேயே சுமத்துகிறது. நமது குறையெல்லாம் இதுவே.

'தண்ணீருக்கும் வேலைக்கும் தவிக்கும் ஜில்லாவில் பெயரும் ஒரு பெரிய விஷயமோ?' என்று நம் தேசீய ஊழியருள் சிலரே கேட்கக்கூடும். அவர்களுக்கு நம் ஜில்லாவின் சரித்திரத்தையே விடையாகக் கூறுகின்றோம். விருதுநகர் அந்நாளில் இராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்தது. அங்கே 1956ஆம் ஆண்டு ஜூலை மாதம் 27ஆந் தேதி தியாகி சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் தொடங்கினார். அவருடைய கோரிக்கைகளுள் முதன்மையானது, இந்த இராஜ்யத்திற்குத் தமிழ்நாடு என்று பெயரிட வேண்டுமென்பது. அதே ஆண்டு அக்டோபர் 13ஆந் தேதி அவர் உயிர் துறந்தார். 1967ஆம் ஆண்டு ஜூலை 18ஆந் தேதி சட்டசபை பெயர் மாற்றத் தீர்மானத்தை நிறைவேற்றிற்று. 1969ஆம் ஆண்டு ஜனவரி 14ஆந் தேதி அது நடைமுறைக்கு வந்தது. பெயர் மாறியதால் ஒரு வயலிலும் கூடுதலாக நெல் விளையவில்லை. ஆயினும் அது வெறும் பெயரென்று தமிழர் எவரேனும் சொல்லத் துணிவரா? பிறர் இட்ட பெயரை விலக்கித் தன் பெயரைத் தானே சொல்வது ஒரு நாட்டுக்கு உரிமையாயின், அந்நாட்டில் வாழும் ஒருவருக்கு அது உரிமையாகாமற் போவதெங்ஙனம்?

நம்மவரின் பெயர்முறையையும் இங்கே நினைக்க வேண்டும். தமிழருட் பெரும்பாலார்க்குக் குடும்பப் பெயர் என்பதொன்றில்லை. தந்தையின் அல்லது தாயின் பெயர் முன்னே ஓர் எழுத்தாக நிற்கும். எஞ்சியது முழுவதும் அவரவர் பெயரே. நம் பெயர்களுட் பல கேட்ட மாத்திரத்தில் ஆண் பெண் வேற்றுமையை உணர்த்திவிடுவன. அதற்கேற்ப வந்தான், வந்தாள் என்று வினையும் மாறி நிற்கும் மொழி நம்முடையது. ஆகையால் சேலையுடுத்த ஒருவர் நீட்டும் காகிதத்தில் ஆண்பெயர் இருக்கக் கண்டவுடன் குமாஸ்தா தலை நிமிர்கிறார். பக்கத்திலிருப்பவர் எட்டிப் பார்க்கிறார். ஆள்மாறாட்டமோ என்ற ஐயம் எழுகிறது. வேலைக்கு வந்தவர் வேலையின்றித் திரும்புகிறார். வாடகைக்கு வீடு கேட்டவர் வீடின்றித் திரும்புகிறார்.

சட்டம் இவ்விஷயத்தில் ஊமையாக இருக்கவில்லை. 2014ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆந் தேதி, தேசீய சட்டப் பணிகள் ஆணைக்குழு தொடுத்த வழக்கில், நீதிபதிகள் கே. எஸ். இராதாகிருஷ்ணனும் ஏ. கே. சிக்ரியும் சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பளித்தனர். தம் பால் இன்னதென்று உணர்ந்து கூறும் உரிமை அவரவர்க்கே உண்டென்றும், அதற்கு அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள வேண்டுமென்று கட்டாயப்படுத்துவது சட்டவிரோதமென்றும் அவர்கள் கூறினர். 2019இல் நாடாளுமன்றம் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றிற்று. 2020ஆம் ஆண்டு ஜனவரி 10ஆந் தேதி அது அமுலுக்கு வந்தது. ஜில்லா மாஜிஸ்டிரேட்டிடம் அடையாள அத்தாட்சி பெற்றவர், பிறப்புச் சான்றிதழிலும் ஏனைய அடையாளக் காகிதங்களிலும் தம் பெயரை மாற்றிக்கொள்ள உரியவரென்று அச்சட்டம் வகுத்தது. அவ்வாண்டே வெளியான விதிகள், மனு கிடைத்த 30 நாட்களுக்குள் அத்தாட்சி வழங்க வேண்டுமென்றும், அதைக் காட்டிக் கேட்டால் 15 நாட்களுக்குள் மற்றக் காகிதங்களைத் திருத்திக் கொடுக்க வேண்டுமென்றும் தவணை குறித்தன. சட்டத்தின் வாசகம் காலத்துக்குக் காலம் திருத்தப்படும். அது நாடாளுமன்றத்தின் வேலை. ஆனால், தம் பெயரால் அழைக்கப்படும் உரிமை ஒரு திருத்தத்தால் வந்து மற்றொரு திருத்தத்தால் போவதன்று. அது அரசியல் சாசனம் காக்கும் மனித கௌரவத்தைச் சேர்ந்தது. திருநர் அல்லாத ஒரு மாணவியின் வழக்கிலும், பெயர் என்பது ஒருவருடைய அடையாளத்தின் கூறென்றும், அது கருத்து வெளியிடும் சுதந்தரத்தைச் சார்ந்ததென்றும் 2021இல் சுப்ரீம் கோர்ட் கூறியுள்ளது.

இங்ஙனமிருக்க, நடைமுறை எவ்வாறு இருந்துவந்தது? லிவிங் ஸ்மைல் வித்யா என்பவர் மொழியியலில் எம். ஏ. பட்டம் பெற்றவர், மதுரையில் உத்தியோகம் பார்த்தவர். 2007இல் வெளிவந்த 'நான், வித்யா' என்னும் தம் சரித்திரத்தில், புதுப்பெயரைச் சட்டப்படி பெறுவதற்காகப் பட்ட அலைச்சலையும் அவர் எழுதியிருக்கிறார். படித்தவர், எழுத வல்லவர், உரிமையை வாதாடிக் கேட்கத் தெரிந்தவர். அவருக்கே அப்பாடெனின், கையெழுத்து மாத்திரம் போடத் தெரிந்த ஏழையின் பாட்டைச் சொல்லவும் வேண்டுமோ?

சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினியின் வழக்கு நாடறிந்தது. அவர் பட்டதாரி. போலீஸ் சப் இன்ஸ்பெக்டர் வேலைக்கு மனுச் செய்தார். மனுவிலிருந்த பெயர் சான்றிதழிலிருந்த பெயரோடு ஒத்திருக்கவில்லையென்று மனு தள்ளப்பட்டது. மனுத் தாளிலோ ஆண், பெண் என்னும் இரண்டு கட்டங்களேயன்றி மூன்றாவது கட்டமில்லை. அவர் சென்னை ஹைகோர்ட்டுக்குச் சென்றார். எழுத்துத் தேர்வுக்கும் உடற்றகுதித் தேர்வுக்கும் கோர்ட்டின் தயவை நாட வேண்டியதாயிற்று. 2015ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கோர்ட் அவருக்கு அனுகூலமாகத் தீர்ப்பளித்தது. 2017இல் தருமபுரியில் அவர் பதவியேற்றார். அவர் ஓடத் தெரியாதவரல்லர், எழுதத் தெரியாதவரல்லர், கள்ளரைப் பிடிக்கும் தைரியம் இல்லாதவருமல்லர். இரண்டு காகிதங்களில் இரண்டு பெயர் இருந்ததொன்றே முதலில் வாயிலடைத்தது. அவ்வாயிலில் திரும்பிப் போனவர் எத்தனை பேரென்று யார் கணக்கெடுத்தார்? 2011ஆம் ஆண்டு ஜனக்கணக்கில் ஆண் பெண் அல்லாத பிறர் என்று பதிவானோர் இந்தியா முழுவதிலும் 4,87,803 பேர்; தமிழ்நாட்டில் 22,364 பேர். இவருள் ஹைகோர்ட் வரையில் செல்ல வல்லவர் எத்துணையர்?

நம் அண்டை ஜில்லாவாகிய தூத்துக்குடியிலும் இதுவே கதை. 2018ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆந் தேதி அங்கே கோயிலில் அருண்குமாரும் திருநங்கை ஸ்ரீஜாவும் மணம் புரிந்துகொண்டனர். அம்மணத்தைப் பதிவு செய்ய ரிஜிஸ்திரார் மறுத்தார். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், இராமநாதபுரம் ஜில்லாவுக்கும் அதிகாரமுடைய மதுரைக் கிளை ஹைகோர்ட்டில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், ஹிந்து விவாகச் சட்டத்தில் மணமகள் என்னும் சொல் திருநங்கையையும் குறிக்குமென்று தீர்ப்பளித்த பின்னரே பதிவுக்கு வழி பிறந்தது. நியாயம் கிடைத்ததென்பதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால், வேலைக்கு ஒரு வழக்கு, கலியாணத்திற்கு ஒரு வழக்கு, பெயருக்கு ஒரு வழக்கென்று, ஏனையோருக்கு மேஜையில் கிடைப்பது இவர்களுக்கு மட்டும் கோர்ட்டில்தான் கிடைக்குமாயின், அதைச் சமவுரிமை என்பதெவ்வாறு?

வக்கீல் தொழிலறிந்தோர் அறிய வேண்டிய ஒரு நுட்பமும் இதில் உண்டு. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பதிவில் பிழையோ மோசடியோ இருந்தாலன்றித் திருத்துவதற்கு இடந்தரவில்லை. திருநங்கை பிறந்த அன்று எழுதப்பட்ட பெயர் அன்றைக்குப் பிழையன்றே என்று கூறி ரிஜிஸ்திரார் கையை விரிக்கிறார். கர்நாடகத்தில் இவ்வாறு மறுக்கப்பட்ட ஒருவர் ஹைகோர்ட்டை அடைந்தார். 2024ஆம் ஆண்டு டிசம்பரில் அக்கோர்ட், திருநர் சட்டம் தனிப்பட இயற்றப்பட்டதாகலின் அது தரும் உரிமையைப் பழைய பதிவுச் சட்டத்தைக் காட்டி மறுத்தல் கூடாதென்றும், பதிவுச் சட்டம் திருத்தப்படும் வரையில் பழம்பெயரையும் புதுப்பெயரையும் சேர்த்துக் காட்டும் சான்றிதழ் வழங்குகவென்றும் பணித்தது. 2025இல் மணிப்பூர் ஹைகோர்ட், ஒரு திருநங்கை மருத்துவருக்குப் புதுப்பெயரில் கல்விச் சான்றிதழ்களை மீண்டும் வழங்குமாறு உத்தரவிட்டது. கர்நாடகத் தீர்ப்பு இடைக்கால ஏற்பாடென்ற அளவில் வரவேற்கத்தக்கது. ஆயினும், இரண்டு பெயரையும் தாங்கிய சான்றிதழ், கேட்போர்க்கெல்லாம் தம் பிறப்பின் கதையைச் சொல்லிக்கொண்டே செல்லுமாறு அவரைத் தண்டிப்பதாகும். விதவா விவாகம் செய்துகொண்ட பெண் தன் முதற் கணவனின் பெயரைக் கழுத்தில் கட்டிக்கொண்டு திரிய வேண்டுமென்று நாம் விதிப்பதுண்டா?

'எவரும் நினைத்தபடி பெயரை மாற்றிக்கொண்டால் கடன்காரன் தப்பித்துக்கொள்வான்; குற்றவாளி ஒளிந்துகொள்வான்' என்பது எதிர்வாதம். இதைத் தள்ளிவிடாமல் ஆராய்வோம். எண் கணிதம் பார்த்துப் பெயரில் ஓரெழுத்தைக் கூட்டிக்கொள்ளும் தனவந்தர் எத்தனை பேர்! மதம் மாறியபொழுது பெயரை மாற்றிக்கொண்டோர் எத்தனை பேர்! அவர்களெல்லாம் கடனிலிருந்து தப்பவா மாற்றினர்? அவர்களை நோக்கி உன் உடலைக் காட்டு என்று எவரும் கேட்டதில்லை. ஆங்கில நாட்டிலும், மோசடி எண்ணமின்றி எப்பெயரையும் மேற்கொள்ள வயது வந்தவர் எவருக்கும் வழியுண்டு; டீட் போல் என்னும் பத்திரம் அதற்குச் சான்று. மேலும், 2020ஆம் ஆண்டு விதிகளே இவ்வாதத்திற்கு விடையளித்தன: பெயரும் படமும் மாறினாலும் காகிதத்தின் மூல எண் மாறலாகாதென்று அவை கூறின. 2012இல் அர்ஜென்டினா நாட்டார் இயற்றிய சட்டமும் அவ்வாறே செய்தது. அங்கே வயது வந்தவர் பதிவாளரிடம் கேட்ட அளவிலே, மருத்துவரின் சான்றும் நீதிபதியின் உத்தரவும் இன்றிப் பெயரும் பாலும் மாற்றித் தருமாறு விதித்தனர்; அடையாள எண் மட்டும் பழையபடியே நின்றது; பழைய பதிவோ கண்டவர் பார்க்கக் கூடாத இரகசியமாயிற்று. எண்ணைக் கொண்டு கடன்காரனையும் பிடிக்கலாம், குற்றவாளியையும் பிடிக்கலாம். ஒருவரை அவமதித்தால்தான் மற்றொருவரைப் பிடிக்க முடியுமென்பது ஆட்சித் திறமையின் அடையாளமன்று.

'இது நம் மரபுக்கு அயலானது' என்பார் வேறு சிலர். அவர்கள் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைத் திருப்பிப் பார்ப்பார்களாக. ஆணென்றும் பெண்ணென்றும் எளிதில் வரையறுக்க வாராதவரைக் குறிக்கும் பெயர்ச்சொல் எங்ஙனம் வினைகொள்ளும் என்பதற்கு அங்கே விதி வகுக்கப்பட்டிருக்கிறது. அப்பெயர்க்குத் தனியீறு இல்லையென்று கண்ட ஆசிரியர், அதனை அஃறிணையில் தள்ளிவிடவில்லை, உயர்திணையிலேயே வைத்தார். இலக்கணம் இடங்கொடுத்த மக்களுக்கு ரிஜிஸ்தர் இடங்கொடுக்க மறுக்கிறது. அன்றியும், இந்தியாவிலேயே முதன்முதலாக இவர்களுக்கென நலவாரியம் அமைத்தது தமிழ்நாடு, ஆண்டு 2008. இழிசொற்களை நீக்கித் திருநங்கை என்ற சொல்லை ஆட்சிமொழியில் ஏற்றதும் நம் நாடே. ஒரு கூட்டத்தாருக்கு மதிப்புள்ள பெயரிட்ட அரசாங்கம், அக்கூட்டத்திலுள்ள ஒவ்வொருவரின் பெயரையும் மதிப்பதன்றோ முறை?

சேதுச் சீமை வாசகர்கள் மறவாத ஒரு சட்டத்தையும் இங்கே நினைவூட்டுதல் எம் கடமை. 1871இல் அந்நிய ஆட்சியார் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றினர். அதன் ஒரு பகுதி சில ஜாதியாரைப் பிறவிக் குற்றவாளிகளாக்கி ரிஜிஸ்தரில் எழுதுவதற்கு. மற்றொரு பகுதி, ஹிஜராக்கள் முதலியோரை அலிகள் என்று பெயரிட்டு அவர்களுடைய பெயரையும் இருப்பிடத்தையும் சொத்தையும் ரிஜிஸ்தரில் எழுதுவதற்கு. அவ்வாறு எழுதப்பட்டவர் பெண்ணுடையில் வெளிவந்தால் வாரண்டின்றிக் கைது செய்யலாம். அவர் உயில் எழுதலாகாது, தானம் செய்யலாகாது, பிள்ளையைத் தத்தெடுக்கலாகாது என்று விதித்தனர். வடநாட்டில் முதலில் நடந்த இச்சட்டத்தின் ஜாதிப்பகுதி, 1911க்குப் பின் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. ரேகைச் சட்டமென்று நம் மக்கள் சபித்த கொடுமை அதுவே. இரவில் தன் வீட்டில் உறங்கவும் உரிமையின்றிக் காவல் நிலையத்தில் முகங்காட்டிய பாட்டன்மார் இந்த முதுகுளத்தூர், கமுதி, கடலாடி வட்டாரங்களில் இருந்தனர். முத்துராமலிங்கத் தேவர் அதை எதிர்த்துப் போராடினார். 1947இல் சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது. ஆகவே, அரசாங்கத்தின் ரிஜிஸ்தர் எழுதியதே ஒருவருடைய உண்மை, அவர் வாயாற் சொல்வது பொய் என்னும் கொள்கை எவ்வளவு கொடியதென்பதை இவ்வட்டாரத்தாருக்கு நாம் போதிக்க வேண்டியதில்லை. ஒரே சட்டத்தின் இரண்டு ஏடுகளில் எழுதப்பட்டோர் ஒருவர் துயரை மற்றவர் அறியாதிருத்தல் தகாது.

தனுஷ்கோடிக்கு அப்பால், கூப்பிடு தூரமென்று சொல்லத்தக்க இலங்கையிலும் 2016இல் சுகாதார அதிகாரிகளும் பதிவாளர் நாயகமும் சுற்றறிக்கை விடுத்து, மருத்துவரின் அத்தாட்சியின்மேல் பிறப்புப் பதிவிலேயே பெயரையும் பாலையும் மாற்ற வழி செய்தனர். மருத்துவரைக் கேட்டல் வேண்டுமென்ற நிபந்தனையை நாம் ஒப்பவில்லை. ஆயினும் பிறப்புப் பதிவு மலைக்கல்லன்று, மனிதர் எழுதிய ஏடே என்பதை அவர்களும் கண்டுகொண்டனர்.

ஆகவே அரசாங்கத்தாரின் முன் நாம் வைக்கும் கோரிக்கைகள் சிலவே. முதலாவது, மனு ஒன்றே போதும் என்றாக்குக. கலெக்டர் தரும் அத்தாட்சி மற்றெல்லாக் காரியாலயங்களுக்கும் உத்தரவாகச் செல்லட்டும். காகிதம் கச்சேரிக்குக் கச்சேரி நடக்கட்டும், மனிதர் நடக்க வேண்டாம். இரண்டாவது, அத்தாட்சி பெற்றவரிடம் அரசிதழ் விளம்பரமும் வேண்டுமென்று கேட்கும் வழக்கத்தை நிறுத்துக. அரசிதழில் பழம்பெயரும் புதுப்பெயரும் விலாசமும் ஒருசேர அச்சாகின்றன. வீட்டாராலும் பிறராலும் துன்புறுத்தப்பட்டு ஓடி வந்தவருக்கு அவ்விளம்பரம் அபாயத்திற்கு வழிகாட்டும் கைகாட்டி மரமாகும். மூன்றாவது, பள்ளிச் சான்றிதழும் பிறப்புச் சான்றிதழும் பழம்பெயரின் குறிப்பின்றிப் புதிதாக வழங்கப்படுக. மூலப்பதிவு கோர்ட்டார் கேட்டாலன்றி வெளிவராத இரகசியமாக இருக்கட்டும். இதற்கு வேண்டிய திருத்தத்தை 1969ஆம் ஆண்டுச் சட்டத்திற் செய்யுமாறு நம் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் கேட்பார்களாக. நான்காவது, வயது வந்த ஒருவரிடம் தாய் தந்தையரின் கையொப்பம் கொண்டுவா என்று எவரும் கேட்கலாகாது. ஐந்தாவது, மனுவைத் தள்ளும் அதிகாரி காரணத்தை எழுத்தில் தரவேண்டும்; வாய்ச்சொல்லால் திருப்பியனுப்புதல் குற்றமென்று கருதப்பட வேண்டும். ஆறாவது, கடலாடி, முதுகுளத்தூர் போன்ற தூரத் தாலுகாக்களில், ஆண்டுக்கு இருமுறையேனும் எல்லாக் காரியாலயத்தாரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து இவ்வேலையை முடித்துத் தருவார்களாக. இவற்றுள் பொக்கிஷத்தைக் காலி செய்வது எதுவும் இல்லை.

வாசக நேயர்களே! அரசாங்கத்தை மட்டும் குறை கூறி ஒதுங்கிக்கொள்வது நமக்கு அழகன்று. தேசத் தொண்டில் ஈடுபட்ட இளைஞர்கள் பட்டாவுக்கும் பென்ஷனுக்கும் ஏழைகளை அழைத்துச் செல்வதுபோல், பெயர் மாற்றத்திற்கு வரும் திருநங்கைக்கும் துணையாகத் தாலுகாக் கச்சேரிக்குச் செல்லலாம். வக்கீல் சகோதரர்கள் ஒரு பிரமாணப் பத்திரத்தைக் கூலியின்றி எழுதித் தரலாம். ஆசிரியர்கள், தம்மிடம் படித்த பிள்ளை புதுப்பெயரோடு திரும்பி வந்தால், அப்பெயரைச் சொல்லி வரவேற்கலாம். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: நீங்கள் இட்ட பெயரை உங்கள் பிள்ளை மாற்றிக்கொள்வதால் நீங்கள் பெற்ற பிள்ளை மாறிப்போவதில்லை. தலைப்பெழுத்தில் உங்கள் பெயர் அப்படியே நிற்கிறது. அதை அழிக்காமல் வைத்துக்கொண்டிருப்பவரை வீட்டைவிட்டு அனுப்புவது நியாயமா என்று எண்ணிப் பாருங்கள். அனைவர்க்கும் ஆகும் எளிய தொண்டு ஒன்றும் உண்டு: எந்தப் பெயரை ஒருவர் தம் பெயரென்று சொல்லுகின்றாரோ அந்தப் பெயரால் அவரை அழையுங்கள். அதற்குச் சட்டமும் வேண்டியதில்லை; தவணையும் வேண்டியதில்லை.

சங்கரலிங்கனார் கேட்ட பெயர் அவர் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் சென்ற பின்னரே கிடைத்தது. அத்தாமதத்தை நினைத்து நாம் இன்றும் வருந்துகின்றோம். சிக்கலிலும், சாயல்குடியிலும், கீழக்கரையிலும், இராமேசுவரத்திலும் தம் பெயருக்காகக் காத்திருப்போரை அவ்வாறு காக்க வைத்து, பின்னர் வருந்துவோமாயின், அவ்வருத்தத்தால் எவருக்கும் பயனில்லை. அவர்கள் உயிரோடிருக்கும்பொழுதே அவர்களுடைய பெயர் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.